ஊராட்சிக்கு வரும் நிதி... ஊருணிக்கு வந்து சேருமா?

கிராம சபைக்குப் போகும் முன் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

ஊருணி தூர்ந்து கிடக்கிறது. வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. அறுத்த நெல்லைக் காயப்போடக் களம் இல்லாமல் தார்ச்சாலையில் கொட்ட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் கேட்டால், 'ஊராட்சியில் நிதி இல்லை' என்ற பதில்தான் பல ஊர்களில் கிடைக்கிறது.

இந்தப் பதில் பாதிதான் உண்மை. எந்த ஊராட்சியிலும் எல்லா வேலைக்கும் பணம் இருக்காது. ஆனால், ஆண்டுதோறும் ஊருக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. அது எதற்காக வருகிறது, எதற்குச் செலவு செய்யலாம், எந்த மாதத்தில் முடிவாகிறது என்பது தெரிந்தவர்களின் கோரிக்கைதான் முதலில் பட்டியலில் ஏறுகிறது. பணம் செலவான பிறகு கேள்வி கேட்பதைவிட, திட்டம் எழுதும்போதே நம் ஊர் வேலையை எழுத வைப்பதுதான் பலன் தரும்.

பணம் எந்த வழியாக வருகிறது?

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் ஊராட்சிகளுக்கு உறுதியான இடத்தைக் கொடுத்தது. அதையொட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன் பிறகு கிராம ஊராட்சிக்கு நான்கு வழிகளில் பணம் வருகிறது.

ஒன்று, மத்திய நிதிக்குழு மானியம். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கிறது. இரண்டு, மாநில நிதிக்குழு மானியம். தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவிகிதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. மூன்று, வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, குளத்து மீன் ஏலம் போன்ற சொந்த வருவாய். நான்கு, குறிப்பிட்ட வேலைக்கென்று வரும் திட்ட நிதி. 2021-22 முதல் ஐந்தாண்டுகளில் எல்லா ஊராட்சிகளுக்கும் சுற்றுமுறையில் தரத் திட்டமிடப்பட்ட அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இந்த வகையைச் சேர்ந்தது.

இவற்றில் மத்திய நிதிக்குழு மானியத்தின் கணக்கை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. காரணம், 15-வது நிதிக்குழுவின் காலத்தில் அதில் பெரும்பகுதி தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது.

ஓர் ஊருக்கு எவ்வளவு?

15-வது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. சராசரியாக ஆண்டுக்கு 47,361 கோடி. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி கிராமங்களில் வாழ்பவர்கள் சுமார் 83 கோடிப் பேர். அப்படியானால், ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 570 ரூபாய்.

3,000 பேர் வாழும் ஊராட்சியின் பெயரில், இந்தச் சராசரிப்படி ஆண்டுக்குச் சுமார் 17 லட்ச ரூபாய் கணக்காகிறது. அதை மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று மூன்று அடுக்குகளும் பிரித்துக்கொள்கின்றன. கிராம ஊராட்சிக்கு 70 முதல் 85 சதவிகிதம் வரை கிடைக்க வேண்டும் என்பது விதி. அதாவது, 12 லட்சத்திலிருந்து 14 லட்சம் வரை. இது நாட்டுச் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் தொகை மாறும். தன் ஊருக்கு வந்த சரியான தொகையை எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

2026-27 முதல் அடுத்த ஐந்தாண்டுகள் 16-வது நிதிக்குழுவின் காலம். குழு மாறும்போது தொகையும் விகிதமும் மாறலாம். ஆனால், கிராம சபையில் திட்டம் எழுதி, ஒப்புதல் வாங்கிச் செலவு செய்ய வேண்டும் என்ற முறை மாறுவதில்லை.

100 ரூபாயில் 60 ரூபாய்

15-வது நிதிக்குழுவின் மானியம் முழுவதையும் ஊராட்சி தன் விருப்பப்படி செலவு செய்துவிட முடியாது. 100 ரூபாய் வந்தால், 60 ரூபாய்க்கு நிபந்தனை உண்டு. அதில் 30 ரூபாய் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு. இன்னொரு 30 ரூபாய் சுகாதாரத்துக்கு. குப்பை மேலாண்மை, கழிவுநீர், பொதுக்கழிப்பறைப் பராமரிப்பு எல்லாம் இதில் அடங்கும். இரண்டில் ஒன்றின் தேவை முழுமையாக நிறைவேறிவிட்டால், அந்தப் பணத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாம்.

மீதி 40 ரூபாய்க்கு நிபந்தனை இல்லை. ஊரின் தேவையைப் பொறுத்து சாலை, தெருவிளக்கு, களம், சிறுபாலம் என எதற்கும் செலவிடலாம். ஆனால், சம்பளத்துக்கும் அலுவலக நிர்வாகச் செலவுக்கும் இதைத் தொடக்கூடாது.

இங்குதான் விவசாயிகளுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு என்றவுடன் பள்ளிக்கூடக் கூரையில் குழாய் மாட்டுவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தெருவில் ஓடி வீணாகும் மழைநீரை ஊருணிக்குத் திருப்புவது, பொதுக்கிணற்றுக்கு அருகே நிலத்தடி நீர் செறிவூட்டும் குழி எடுப்பது போன்ற வேலைகளையும் இந்தத் தலைப்பில் முன்வைக்கலாம். ஊர்க் குடிநீர்க் கிணறு வற்றாமல் இருந்தால், பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளுக்கும் அது நல்லதுதான். 'விவசாயத்துக்கு வேண்டும்' என்று கேட்டால் தலைப்பு பொருந்தவில்லை என்று திரும்பி வரும் கோரிக்கை, 'குடிநீர் ஆதாரத்தைக் காக்க வேண்டும்' என்று காரணத்தோடு எழுதப்படும்போது பட்டியலில் ஏறும். இரண்டும் ஒரே வேலைதான் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

எந்த நீர்நிலை யார் பொறுப்பு?

கோரிக்கை கிடப்பில் போவதற்கு இன்னொரு காரணம், அது தவறான கதவைத் தட்டுவது. தமிழகத்தில் 100 ஏக்கருக்கு மேல், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி, கண்மாய்கள் பெரும்பாலும் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சிறுபாசன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் வசம் இருக்கின்றன. ஊருணி, குளம், குட்டைகளைப் பார்த்துக்கொள்வது கிராம ஊராட்சி.

நீர்வளத்துறைக் கண்மாயைத் தூர்வாரச் சொல்லி ஊராட்சியில் எத்தனை முறை மனு கொடுத்தாலும், ஊராட்சி நிதியில் அதைச் செய்ய முடியாது. அதற்குத் தனியாகத் துறைக்கு எழுத வேண்டும். அதேசமயம், ஊருணியைச் சீரமைக்க யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. கிராம சபைத் தீர்மானமே தொடக்கம். தூர்வாரும்போது எடுக்கும் வண்டல் மண்ணை வயலுக்குக் கொண்டு போக, வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். ஊருணிக்கும் ஆழம் கிடைக்கும். நிலத்துக்கும் சத்து சேரும்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்த நாள்கள். மார்ச் 22 உலக தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் 2022-ல் சேர்க்கப்பட்டவை. பண்டிகை, தேர்தல் போன்ற காரணங்களால் தேதி தள்ளிப்போவதும் உண்டு.

ஆறு கூட்டங்களும் முக்கியம்தான். ஆனால், நிதியைப் பொறுத்தவரை அக்டோபர் கூட்டத்துக்குத் தனி எடை உண்டு. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அப்போதுதான் எழுதத் தொடங்கப்படுகிறது. 2018-லிருந்து நாடு முழுவதும் அக்டோபர் 2 முதல் ஜனவரி 31 வரை இதை ஓர் இயக்கமாக நடத்துகிறார்கள். இந்த நான்கு மாதங்களில் திட்டத்தில் இடம்பிடிக்காத வேலைக்கு, ஏப்ரலுக்குப் பிறகு நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் எடுப்பது கடினம். மே மாதம் குடிநீர்ப் பஞ்சம் வந்த பிறகு காலிக் குடத்தோடு சாலையில் உட்காருவதைவிட, அக்டோபரில் கிராம சபையில் உட்காருவது மேல்.

ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் வேலைகளை ஆய்வு செய்வது எல்லாம் சட்டப்படி கிராம சபையின் வேலைகள். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தலைவருக்கு இருப்பது போலவே, கடைசித் தெருவில் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அங்கே பேச உரிமை உண்டு.

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர். 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கும் மேல் 300 பேர். 'போனால் என்ன ஆகப்போகிறது' என்று வீட்டில் இருந்துவிட்டால், கூட்டம் பெயருக்கு நடந்து, யாரோ எழுதி வைத்த பட்டியல் ஊரின் பெயரால் நிறைவேறிவிடும்.

எப்படிக் கேட்டால் ஏறும்?

'எங்கள் தெருவுக்கு எதுவும் செய்யவில்லை' என்பது குறை. 'கிழக்குத் தெரு முனையிலிருந்து ஊருணி வரை வரத்துக்கால்வாய் அடைபட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்து கரை கட்ட வேண்டும். அந்த ஊருணிக்கு அருகில் உள்ள பொதுக்கிணற்றிலிருந்துதான் இத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் போகிறது' என்பது கோரிக்கை. இரண்டாவதைத்தான் தீர்மானமாக எழுத முடியும். பொறியாளர் மதிப்பீடு போட முடியும்.

அதனால், கூட்டத்துக்கு முன்பே நான்கைந்து குடும்பங்கள் கூடிப் பேசி, இடம், சர்வே எண், ஏறத்தாழ நீளம், பயன்பெறும் வீடுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பத்து வேலை கேட்பதைவிட, முதல் வேலை எது என்று ஊர் ஒருமனதாகச் சொல்வது பலமானது. குடிநீர் விஷயத்தைப் பெண்களும், குடியிருப்புக்குச் சாலை இல்லாத சிரமத்தை அங்கே வாழ்பவர்களும் நேரில் வந்து பேசும்போது, அதைத் தள்ளிப்போடுவது யாருக்கும் எளிதல்ல.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தங்கள் வேலை அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு எழுந்திருப்பதே சரி.

ஊர் கொஞ்சம் போட்டால்...

ஊராட்சி நிதியில் இடம் கிடைக்காத வேலைக்கு இன்னொரு வழி, நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் தொடங்கப்பட்டு, 2021-22-ல் மீண்டும் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால், மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் மக்கள் பங்கு ஐந்தில் ஒன்று போதும்.

உதாரணமாக, ஒரு வேலைக்கு 6 லட்ச ரூபாய் ஆகும் என்றால், ஊர் 2 லட்சம் சேர்க்க வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால், 1,20,000 ரூபாய். வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள், ஊரில் பிறந்து வெளிநாடு போனவர்கள், கோயில் விழாவுக்கு வரி போடும் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தால் எட்டக்கூடிய தொகைதான். பாதிக்கு மேல் ஊரே போட்டால், வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யவும் வழி உண்டு. விருப்பக் கடிதத்தை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

ஓடந்துறை காட்டிய வழி

வரும் நிதியை ஓர் ஊர் எப்படிப் பெருக்கலாம் என்பதற்கு கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி பெயர் பெற்ற உதாரணம். 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர்.சண்முகம். குடிநீர் வசதியும் தெருவிளக்கும் பெருகப் பெருக, மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போனது. மற்ற ஊராட்சிகள் போல அதைச் சொல்லி அழாமல், செலவைக் குறைக்க வழி தேடினார்கள். முதலில் தெருவிளக்குகளுக்குச் சூரிய மின்சாரம்; அடுத்து, விறகுக் கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கி மோட்டார் ஓட்டும் அமைப்பு.

2006-ல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சியே வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்ச ரூபாய். ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கித்தான் இதைச் செய்தார்கள். ஊரின் தேவை போக மீதி மின்சாரம் மின்வாரியத்துக்குப் போனது. அந்த வருவாயிலிருந்து கடன் அடைந்தது.

எல்லா ஊராட்சியும் காற்றாலை வாங்க முடியாது. ஆனால், ஓடந்துறை சொல்லும் பாடம் எல்லோருக்கும் பொருந்தும். மானியத்தை அந்தந்த ஆண்டே கரைத்துவிடும் செலவு ஒரு வகை. ஆண்டுதோறும் செலவைக் குறைக்கும் அல்லது வருவாய் தரும் வேலை இன்னொரு வகை. தூர்வாரிய ஊருணி, லாரித் தண்ணீர்ச் செலவைக் குறைக்கும். நல்ல களம் இருந்தால், நெல்லில் கல்லும் மண்ணும் சேராது.

செலவைச் சரிபார்ப்பது எப்படி?

நிதிக்குழு மானியத்தில் நடக்கும் செலவுகள் 'இ-கிராம் ஸ்வராஜ்' என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பதிவாகின்றன. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட தளம் இது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால், அந்த ஆண்டின் திட்டப் பட்டியலையும் செலவையும் பார்க்கலாம். 'மேரி பஞ்சாயத்து' என்ற செயலியிலும் இதே விவரங்கள் கிடைக்கும். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் அரைமணி நேர வேலை.

அங்கே இல்லாத விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'என்ன வேலை நடந்தது' என்று பொதுவாகக் கேட்காமல், குறிப்பிட்ட ஆண்டில் வந்த நிதிக்குழு மானியம் எவ்வளவு, எந்தெந்த வேலைக்கு எவ்வளவு செலவானது, மதிப்பீட்டு நகல், அளவுப் புத்தக நகல் என்று பிரித்துக் கேட்பது நல்லது.

பேரூராட்சியில் இருப்பவர்களுக்கு...

பேரூராட்சிகளில் விவசாயம் செய்பவர்களும் ஏராளம். அங்கே கிராம சபை இல்லை. அதற்கு ஈடாக, வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-ல் நடைமுறைக்கு வந்தன. சிறு நகரங்களுக்கான 15-வது நிதிக்குழு மானியத்திலும் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான். கூடுதலாக ஒரு நிபந்தனையும் உண்டு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்து, வசூலையும் உயர்த்திக் காட்டினால்தான் மானியம் வரும். 2022-ல் தமிழகத்தில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. கூடுதல் வரி கட்டுபவர்களுக்கு, அதனால் வந்த மானியம் எங்கே போனது என்று பகுதி சபையில் கேட்க முழு உரிமை இருக்கிறது.

தேர்தல் நடக்காவிட்டால்?

இந்தக் கணக்கு முழுவதும் ஓர் அடித்தளத்தின் மீது நிற்கிறது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருந்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் விடுவிக்கப்படும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2019 டிசம்பர் வரை தமிழக ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. அந்தக் காலத்தில் மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது, 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள்.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூடத்தான் வேண்டும். அங்கே கேட்கும் உரிமையும் போய்விடுவதில்லை. ஆனால், தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் ஊருக்கு வர வேண்டிய குடிநீர்ப் பணமும் சேர்ந்து தள்ளிப்போகிறது. உள்ளாட்சித் தேர்தல் கட்சிக்காரர்களின் விவகாரம் என்று ஒதுங்கியிருப்பவர்களுக்கு, இது தங்கள் ஊருணியின் விவகாரமும்தான்.

அடுத்த கிராம சபைக்கு ஊரிலிருந்து எடுத்துப் போக வேண்டியவை மூன்றுதான். சென்ற ஆண்டு ஊராட்சிக்கு வந்த தொகை, அது செலவான பட்டியல், இந்த ஆண்டு ஊருக்கு முதலாவதாக வேண்டிய ஒரே ஒரு வேலை. இந்த மூன்றும் கையில் இருந்தால், 'நிதி இல்லை' என்ற பதிலை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.